சந்தனம்மாள் பார்க்காத வீடியோ

கம்பம் பள்ளத்தாக்கில் இதுவரை பிடிபட்ட திருடர்கள் எல்லாரும் ஓடிப் பிடிபட்டவர்கள். ஒரே ஒருத்தர் மட்டும், துப்பறிந்தவர் மொச்சை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீட்டுக்குத் தானே காரோட்டி வந்து, தெருத்தெருவாக விலாசம் விசாரித்து, செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக விட்டு, உள்ளே வந்து, யாரும் கேட்காமலேயே குற்றத்தைச் சொல்லி, கையோடு ஒரு பை ஆப்பிளும் கொடுத்துவிட்டுப் பிடிபட்டார். அவரை இழுத்துவந்தது போலீசும் இல்லை, போலீஸ் நாயும் இல்லை. ஒரு வலைப்பூ.

நம்ப மாட்டீர்கள். ஈஸ்வரபாண்டியும் நம்பவில்லை. அவன் அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அத்தனையும் பார்த்துவிட்டு நம்பாதவன்.

திங்கட்கிழமை, கோழி கூவுமுன்.

கம்பமெட்டுச் சாலை முக்கில் ஜீப்புகள் உறுமிக்கொண்டு நின்றன. மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள். ஒரு ஜீப்பில் பதினைந்து பேர் என்றால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். இங்கே அது காற்றோட்டமான பயணம். ஒருநாள் இடம் பற்றாமல் டிரைவரை இறக்கிவிட்டு ஜீப் தனியாக மலையேறியதாகக்கூடப் பேச்சு உண்டு.

ஈஸ்வரபாண்டி தன் ஜீப்பின் பின்பக்கம் வந்து நின்றான். ஜீப்பும் அவனுடையது, ஓட்டுவதும் அவன்தான், தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் அவன்தான்.

"சந்தனம், எறங்கு."

சந்தனம்மாள் புரியாமல் பார்த்தாள். "எதுக்குண்ணே?"

"எதுக்கா? வீடியோ பிடிச்சு ஊருக்கெல்லாம் காட்டிப்புட்டு எதுக்குன்னா கேக்குற? எறங்கு. என் ஜீப்புல மட்டுமில்ல, இந்த ரோட்டுல ஒரு ஜீப்புலயும் இனி ஒனக்கு எடமில்ல."

"அய்யோ, நான் அந்த வீடியோவப் பாக்கக்கூட இல்லண்ணே!"

அவள் இறங்கினாள் என்பதைவிட இறக்கப்பட்டாள் என்பதுதான் சரி. கையிலிருந்த தூக்குவாளி தார்ச்சாலையில் விழுந்து உருண்டது. பச்சை இலை அச்சிட்ட புது வாளி. புளிச்சோறு முழுக்க ரோட்டில். மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் பீடி பற்ற வைத்திருக்கலாம்.

விஷயம் இதுதான். 'மெட்டு ரோடு' என்ற வலைப்பூவில் முந்தின நாள் ஒரு வீடியோ வந்திருந்தது. ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்தைப் பெண்கள் வெறுங்கையால் கலக்குகிறார்கள். முகமூடி கிடையாது, கையுறை கிடையாது. முகங்களை மறைத்து, குரல்களை அழித்துத்தான் போட்டிருந்தார்கள். ஆனாலும் அதைப் பிடித்தது ஈஸ்வரபாண்டியின் ஜீப்பில் போகும் ஒருத்திதான் என்பது தெரிந்துவிட்டது. ஒருத்தி பிடித்தாள், இன்னொருத்தி காட்டிக்கொடுத்தாள். ஊர் போட்ட கணக்கு இது. அன்று மலையேறிய ஜீப்பில் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருத்தியோடு ஒருத்தி பேசாமல் போனார்கள். அந்த அமைதியைப் பார்த்து எஞ்சினே பயந்துபோய் இரண்டு முறை நின்றது.

அதே காலை.

போனாபீஸ் மொக்கம்மாளைக் கம்பத்தில் தெரியாதவர் இல்லை. டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் மணி அடிக்கும்போதே கூப்பிடுவது சம்பந்தி வீடா சண்டைக்காரன் வீடா என்று சொல்லிவிடுவார். இரண்டாவது மணிக்குள் அந்தச் சண்டையில் நியாயம் யார் பக்கம் என்றும் சொல்லிவிடுவார். அவர் கோபத்தில் குரலை உயர்த்தினால் லோயர்கேம்ப் மின்நிலையத்தில் டர்பைன் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றும்.

அவர் வாசலில் சங்கிலியம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள். ஈஸ்வரபாண்டியின் ஜீப்பில் போகிறவள். வயிற்றுவலி என்று பொய் சொல்லி முதல் கொண்டை ஊசி வளைவில் இறங்கி, மலையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். வயிற்றில் வலி இல்லை. நெருப்பு இருந்தது.

"அக்கா, அந்த வீடியோவப் பிடிச்சது நான்க்கா!"

மொக்கம்மாள் மொச்சை முறத்தைக் கீழே வைத்தார். "நீயா?"

"நான்தேன். எறக்கி விட்டது சந்தனத்த. அவ பாவம் ஒண்ணும் அறியாதவ. இப்பமே போயி ஈஸ்வரபாண்டி சட்டையப் பிடிச்சு நான்தேன்னு சொல்லப்போறேன்."

"சொல்லு. ஒன்னையும் சேத்து எறக்குவான். அவளுக்கு எடம் திரும்பக் கெடைக்குமா?"

சங்கிலியம்மாள் உட்கார்ந்தாள்.

"வீடியோ பிடிச்சது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. 'மெட்டு ரோடு' பிளாக்கு எழுதுற பவானிக்கு. அம்புட்டுத்தேன்."

"சந்தனத்துக்கு?"

"தெரியாதுக்கா. அவகிட்ட இருக்கிறது பட்டன் அமுக்குற போனு. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வச்சிருக்கா."

"பவானிக்கு வீடியோவ எப்பிடிக் குடுத்த?"

"கையிலதேன். வீட்டுக்கு வந்து காப்பி பண்ணிக்கிருச்சு. ஊருக்குக் காட்டுறதுக்கு முன்னாடி, மூஞ்சி சரியா மறைஞ்சிருக்கான்னு என் போன்லயே பிளாக்கத் தொறந்து காட்டுச்சு. மறைஞ்சிருக்குன்னேன். மறுநாத்தேன் போட்டுச்சு."

மொக்கம்மாள் ஒரு மொச்சையை எடுத்துப் பிதுக்கினார். அது எதிர்ச்சுவரில் போய் அடித்தது.

"உளவு சொன்னவன் தப்பான ஆளச் சொல்லியிருக்கான்," என்றார். "ஏன்?"

பவானி தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். அவள் அம்மா இதே ஜீப்புகளில் போய்த்தான் அவளைப் படிக்கவைத்தாள். அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் 'மெட்டு ரோடு'. மதியம் அவள் மடிக்கணினியோடு வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"நான் யார்கிட்டயும் சொல்லல பெரியம்மா. பஸ்ஸுல ஏறுனா பொம்பளைக மூஞ்சியத் திருப்பிக்கிறாக. நான் வித்துப்புட்டேனாம். இந்த பிளாக்குக்குள்ள வேற யாரும் வரமுடியாது. பாஸ்வேர்டக்கூட மாத்தி வச்சிருக்கேன்."

"எதுக்கு மாத்துன?"

"தங்கப்பாண்டி கட்டிக்கொடுத்த பிளாக்கு. என்கூடப் படிச்சவன்தான். இருந்தாலும் பழைய சாவி அவன்கிட்ட இருக்கக் கூடாதுல்ல?"

மொக்கம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். படங்கள். ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு பச்சை இலை. படத்தைத் தொட்டால் மேலே ஒரு கண்ணாடித்தாள் போல ஏதோ வந்து படிகிறது. அதில் இதயக்குறி, பகிரும் குறி, ஒரு பரிசுப்பெட்டி.

"இந்த எலை என்ன?"

"பசுந்துளிர் மருந்துக்கடை. சின்னமனூர்ல இருக்குல்ல, ஞானசிகாமணி ஐயா கடை. அவுகதான் நம்ம பிளாக்குக்கு ஆதரவு. இந்த ப்ளகினும், பிளாக்குக்குள்ள சொருகுற குட்டி மென்பொருளு, அவுக குடுத்ததுதான். படத்து மேல எலை உக்காரும். ஆடிப்பெருக்குக்கு, பொங்கலுக்குன்னு பரிசு அறிவிப்பாக. நல்ல மனுசன்."

"நல்ல மனுசனா? இருக்கட்டும். வீடியோவப் போடு."

வீடியோ ஓடியது. மருந்து கலக்கும் கைகள். நீலத் தொட்டி. முகமில்லாத பெண்கள்.

"நிப்பாட்டு." மொக்கம்மாள் திரையில் விரல் வைத்தார். "எல்லாப் படத்துலயும் எலை வலது மூலையில. இங்கன மட்டும் இடது பக்கம், நடுவாந்தரமா, டப்பா மேல ஏறி உக்காந்திருக்கு. நீ வச்சியா?"

"இல்ல பெரியம்மா. அது அவுக பக்கத்துலருந்து வர்றது. நான் தொடமுடியாது. ஏதாவது கோளாறா இருக்கும்."

"கோளாறு," என்று மொக்கம்மாள் மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசினால் அருகிலிருப்பவர்கள் பின்னால் நகர்வது வழக்கம். இருவரும் நகர்ந்தார்கள். "சங்கிலி, ஒன் போன்ல அசல் இருக்கா? எடு."

அசல் வீடியோவில் இலை இல்லை. டப்பா இருந்தது. அதன் மேல் கடையின் வெள்ளைச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதன் ஓரம் பிரிந்திருந்தது. மொக்கம்மாள் போனை மூக்குக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை.

முதலில் தங்கப்பாண்டிக்குப் போன்.

"பவானி பிளாக்கக் கட்டுனது நீதானே?"

"நான்தான் பெரியம்மா. கட்டுனவனுக்கே கதவச் சாத்திப்புட்டாக. இப்ப உளவாளின்னு பட்டம் வேற. பவானி வந்தா சொல்லுங்க, பட்டத்துக்கு ஒரு பொன்னாடையும் சேத்துக் கேக்குறேன்."

"கோவத்த அப்பறம் வச்சுக்க. எத்தன ப்ளகின் போட்ட?"

"ரெண்டு. தமிழ் எழுத்து ஒழுங்காத் தெரிய ஒண்ணு. கண்ட கமெண்டு வராம இருக்க ஒண்ணு. மூணாவது ஐயா குடுத்தது. எலை ஒட்டும், பொட்டி காட்டும், யாரு பாக்குறாகன்னு கணக்கும் எடுக்கும்."

"கணக்கு யாருக்குப் போகும்?"

"பவானிக்கு வரல. எனக்கும் வரல. நான் அப்பவே கேட்டேன், ஓசியில வந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்காதன்னு சொன்னாக."

அடுத்து ஈஸ்வரபாண்டி. டீக்கடையில் பிடித்தார்.

"தம்பி, சந்தனந்தான் பிடிச்சான்னு யாரு சொன்னது?"

"போன்ல வந்துச்சு. தெரியாத நம்பரு."

"காட்டு."

அவன் காட்டினான். 'உங்கள் ஜீப்பில் வரும் க. சந்தனம்மாள்தான் வீடியோ எடுத்தவர்.' அவ்வளவுதான்.

"எவனோ அனுப்புனத வச்சு ஒரு பொம்பள வயித்துல அடிச்சியா?"

"அக்கா, நெருப்பில்லாமப் பொகையுமா? அந்தப் பதினஞ்சு பேருல எவளோ ஒருத்திதான் அனுப்பியிருக்கா."

"ஏலே, ஜீப்புல அவள எப்பிடிக் கூப்பிடுவீக?"

"சந்தனம்னுதான்."

"க. சந்தனம்மாள்னு இனிஷியல் போட்டுக் கூப்பிடுற ஒருத்திய எனக்குக் காட்டு. ஒன் ஜீப்பு முன்னாடி நின்னு நானே அவளுக்கு மாலை போடுறேன்."

ஈஸ்வரபாண்டி டீயைக் குடித்து முடித்தான். "என்னமோ சொல்றீக. பிளாக்கு, ப்ளகினு. மெஷினு வந்து ஆளக் காட்டிக்கொடுக்குமாக்கும்? கதை."

கடைசியாகச் சந்தனம்மாள் வீடு. வேறு மூன்று ஜீப்புகளில் கேட்டுப் பார்த்து, மூன்றிலும் விரட்டப்பட்டு, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏலக்காய் பறிப்புக் காலம். இப்போது மலையேறாவிட்டால் அவளுக்கு அந்த வருஷமே இல்லை.

"அழுகாத. கோவப்படு. ஒம்பேர இனிஷியலோட எங்கெங்க எழுதிக் குடுத்திருக்க?"

"ரேஷன் கார்டு. ஆதாரு. பேங்கு."

"வேற?"

"வேற எங்கக்கா?"

மொக்கம்மாளின் கண் அடுப்பு மேடைக்குப் போனது. நசுங்கிய தூக்குவாளி. பச்சை இலை.

"இது ஏது?"

"பொங்கலுக்கு ஓசியாக் குடுத்தாக. பேரு, ஊரு, யாரு ஜீப்புல போறோம்னு போன்ல எழுதணும். ஜீப்புக்கே கொண்டாந்து குடுத்தாக. எனக்குத்தேன் தொடுற போனு இல்லையே, சங்கிலி தன் போன்ல எழுதி விட்டா."

"அவ வாங்கலயா?"

"அவ ஓசிச் சாமான் தொடமாட்டா. வீராப்புக்காரி. அவ கொண்டுவர்றது பழைய அலுமினியத் தூக்கு."

மொக்கம்மாள் வாளியைக் கையில் எடுத்தார். பச்சை இலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

புதன்கிழமை, மதியம்.

பவானி மொக்கம்மாள் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். வலைப்பூவில் ஒரு புதிய பதிவு எழுதினாள். வெளியிடவில்லை. வாசகர் யாரும் பார்க்க முடியாத நிலையிலேயே வைத்தாள். தலைப்பு: 'நாளைக் காலை: மருந்து டப்பாவின் சீட்டு, கிட்டத்தில்.' அதைச் சங்கிலியம்மாளின் போனில் ஒருமுறை திறந்தாள். அப்படி ஒரு வீடியோ உலகத்திலேயே இல்லை. பதிவு இருப்பது தெரிந்தவர்கள் அந்த அறையிலிருந்த மூவர் மட்டுமே.

பிறகு மொக்கம்மாள் ஈஸ்வரபாண்டியைப் பிடரியில் கைவைக்காத குறையாகச் சந்தனம்மாள் வீட்டுக்குக் கூட்டிவந்து உள்ளறையில் உட்காரவைத்தார். பவானியும் சங்கிலியம்மாளும் கதவு மறைவில். மொக்கம்மாள் மொச்சை முறத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்குக்கா இங்கன உக்காத்தி வச்சிருக்கீக? எனக்கு வண்டி சர்வீஸுக்கு விடணும்."

"இந்த வீட்டுக்கு ஒரு ஆள் வருவாக. வீடியோவப் பத்திக் கேப்பாக. அவுகதான் ஒனக்கு மெசேஜு அனுப்புன ஆளு."

"யாரு கூப்பிட்டு விட்டீக?"

"யாரும் கூப்பிடல."

"கூப்பிடாம எவன் வருவான்? ஒங்களுக்கு வயசாயிருச்சு."

மொச்சை பாதிகூட உரியவில்லை. தெருவில் ஒரு கார் வந்து நின்றது. சின்னமனூரிலிருந்து கம்பம் வரை அந்தக் கார் தரையில் பட்டதா என்பது சந்தேகம். வேகத்தடைகளெல்லாம் எழுந்து வழிவிட்டதாகச் சின்னமனூரில் பேசிக்கொண்டார்கள்.

"இங்கன க. சந்தனம்மாள் வீடு எது?" தெருவில் ஒரு குரல் கேட்டது. பிறகு செருப்பு கழற்றும் சத்தம்.

வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் ஆப்பிள் பை. பசுந்துளிர் ஞானசிகாமணி.

"சந்தனம்மாங்கிறது..."

"நான்தேங்கய்யா."

"நல்லா இருக்கியாம்மா? ஜீப்புல எறக்கி விட்டாகளாமே, கேள்விப்பட்டேன். மனசு கேக்கல. நான் சொல்லி வேற எடத்துல வேலை வாங்கித்தாறேன். இந்தா, பழம்." பையை அவள் கையில் திணித்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு விஷயம். நாளைக்கு வர்ற வீடியோ. அது வரவேண்டாம்மா."

"எந்த வீடியோங்கய்யா?"

"அதான், டப்பாச் சீட்டு தெரியிறது. எங்கிட்ட ஏன் மறைக்கிற? மத்தியானம் நீ ஒன் போன்ல பாத்தியே!"

சந்தனம்மாள் இடுப்பிலிருந்து போனை உருவினாள். பட்டன் பாதி தேய்ந்து, ரப்பர் பேண்டால் கட்டிய போன். அதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இதுலயாய்யா பாத்தேன்?"

ஞானசிகாமணி அந்தப் போனைப் பார்த்தார். பிறகு தான் கொடுத்த ஆப்பிள் பையைப் பார்த்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது. மொக்கம்மாள் முறத்தோடு வெளியே வந்தார்.

"அவ பாக்கலய்யா. அவ எந்த வீடியோவும் பாக்கல. சங்கிலி போன்ல அத ஒரே ஒருதரம் தொறந்தோம். ஊருக்கே வராத பதிவு அது. யாருக்கும் சொல்லல. ஒங்களுக்கு மட்டும் எப்பிடிங்க தெரிஞ்சது?"

"நான்... யாரோ சொன்னாக..."

"யாரு? பேரச் சொல்லுங்க. இருந்தா சொல்லுங்க!" குரல் ஏறியது. தெருவில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள். லோயர்கேம்ப்பில் டர்பைன் அதிர்ந்திருக்கும். "நான் சொல்றேன். எல்லாரும் கேளுங்க. இவரு பவானி பிளாக்குக்கு ஓசியா ஒரு ப்ளகின் குடுத்தாரு. எலை ஒட்டுற ப்ளகினு. அந்த எலைக்குப் பின்னால கண்ணு இருந்துச்சு. எந்தப் போனு, எந்தப் பக்கத்தப் பாக்குதுன்னு இவருக்குச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஏத்தா பவானி, நீ பூட்ட மாத்துன. உள்ள உக்காந்திருந்தவன வெளிய போகச் சொன்னியா?"

பவானி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"தூக்குவாளி தாறேன்னு ஒரு பொட்டி வந்துச்சு. சந்தனத்துக்குப் போனு இல்லைன்னு சங்கிலி தன் போன்ல அவ பேர எழுதி விட்டா. நம்ம ஊருல ஒரு போன்ல ஒரு தெருவே பேரு பதிஞ்சுக்கிரும். அது அந்த மெஷினுக்குத் தெரியுமா? இந்தப் போனு க. சந்தனம்மாளோடதுன்னு முடிச்சுப் போட்டு வச்சுக்கிருச்சு. சங்கிலி வீடியோவ மொதத் தடவை தொறந்து பாத்தப்ப, சந்தனம் பாக்குறான்னு இவருக்குச் சேதி போச்சு. ஊருக்குக் காட்டுறதுக்கு முன்னாடியே ஒருத்தி பாக்குறாளே, அப்ப பிடிச்சவ அவதான்னு முடிவு பண்ணிட்டாரு. ஜீப்புல கூட இருக்கிற ஒருத்தி காட்டிக்கொடுத்திருந்தா இந்தத் தப்பு வந்திருக்குமா? ஆளப் பாத்த கண்ணு சங்கிலியச் சொல்லியிருக்கும். போன மட்டும் பாத்த கண்ணுதான் சந்தனத்தச் சொல்லும்."

"இவருக்கு இதுல என்னக்கா?" ஈஸ்வரபாண்டி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான்.

"எலை ஏன் எடம் மாறுச்சு? எல்லாப் படத்துலயும் மூலையில கெடந்த எலை, இதுல மட்டும் டப்பா மேல. மறைக்கிறதுக்கு! அசல்ல பாத்தேன். டப்பாவுல இவரு கடைச் சீட்டு. ஓரம் பிரிஞ்சிருக்கு. அடியில காலாவதியான தேதி. செத்துப்போன மருந்துக்குப் புதுத் தேதி ஒட்டி மலைக்கு ஏத்துனவரு இவரு. பொம்பளைக வெறுங்கையில அதத்தான் கலக்குனாக. வீடியோவ எடுக்கச் சொன்னா பவானி ஏன்னு கேக்கும். அதனால எலைய நகட்டுனாரு. பிடிச்சவ அடுத்ததா டப்பாவக் காட்டிருவாளோன்னு, ஒன்னைய ஏவி விட்டு அவள ஒடுக்கப் பாத்தாரு. நீயும் ஏவுன பக்கம் பாஞ்ச!"

ஞானசிகாமணி வேட்டியைச் சரிசெய்தார். "இதெல்லாம் சட்டப்படிதாம்மா. பரிசுப் பொட்டிக்குக் கீழ எழுதியிருக்கு. தகவலைப் பயன்படுத்தச் சம்மதம்னு. அவுகதான் தொட்டாக."

இதுதான் அவர் செய்த பெரிய பிழை. பேசாமல் போயிருக்கலாம்.

"சம்மதமா?" மொக்கம்மாள் முறத்தை வைத்தார். "எக்சேஞ்சுல முப்பது வருசம் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தவ நான். ஊர்ச் சண்டை, ஊர்க் காதல், ஊர் அழுகை அம்புட்டும் என் விரலுக்குக் கீழதான் ஓடுச்சு. ஒட்டுக்கேக்குறது எம்புட்டு லேசுன்னு எனக்குத் தெரியும்யா. லேசா இருக்கிறதாலதான் அது கேவலம். ஒரு சோத்து வாளியக் குடுத்துட்டு, அந்தச் சோத்தையே தட்டி விடுறதுக்கு எவ சம்மதிச்சா? கேளுங்க இவளுகள. எவ சம்மதிச்சா?"

கதவு மறைவிலிருந்து சங்கிலியம்மாள் வந்தாள். ஈஸ்வரபாண்டிக்கு நேரே நின்றாள். "நான்தேன் பிடிச்சேன். டப்பாவையும் நான்தேன் பிடிச்சேன். எறக்கி விடுறதா இருந்தா என்னைய எறக்கு."

சந்தனம்மாள் ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டுபோய்க் காருக்குள் போட்டுவிட்டு வந்தாள். கார் அன்று நகரவில்லை. வேளாண் அதிகாரியும் போலீசும் வரும்வரை தெருப்பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சுற்றியிருந்தது ஒரு தெருவா, கம்பம் முழுவதுமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

பவானி அந்த இடத்திலேயே ப்ளகினைப் பிடுங்கி எறிந்தாள். அத்தனை படங்களிலிருந்தும் இலைகள் ஒரே நொடியில் உதிர்ந்தன. பிறகு நடந்ததையெல்லாம் எழுதி, என் பக்கத்தைத் திறந்த ஒவ்வொருவரையும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது, அது என் கவனக்குறைவு, மன்னியுங்கள் என்று வெளியிட்டாள். அசல் வீடியோவையும், டப்பா தெரியும்படி.

வியாழக்கிழமை, விடியுமுன்.

ஈஸ்வரபாண்டி ஊருக்குள் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தான். ஞானசிகாமணி ஐயா பழம் கொடுக்க வந்தார், போனாபீஸ் அக்கா கத்தியது, மற்றதெல்லாம் கட்டுக்கதை, மெஷினாவது ஆளைச் சொல்வதாவது. அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நடந்தது உண்மை என்றால், ஊர்பேர் தெரியாதவன் அனுப்பிய ஒரு வரியை நம்பி, குற்றமற்றவள் சோற்றை ரோட்டில் கொட்டியவன் அவன்.

ஆனால் அவன் கதை நிற்கும்வரை இன்னொன்றும் நிற்கும். மெஷின் சொல்லவில்லை என்றால், ஜீப்பில் போகும் எவளோ ஒருத்திதான் சொன்னாள். அந்தப் பெண்கள் சாகும்வரை ஒருத்தியை ஒருத்தி நம்பமாட்டார்கள்.

மற்ற ஜீப்புகள் கிளம்பிப் போய்விட்டன. ஈஸ்வரபாண்டியின் ஜீப் மட்டும் காலியாக நின்றது. பதினைந்து பெண்களும் கீழே நின்றார்கள். சந்தனம்மாளும் இருந்தாள்.

"ஏறுங்கத்தா, நேரமாச்சு. சந்தனமும் ஏறட்டும். நான் வேணாம்னா சொன்னேன்?"

யாரும் அசையவில்லை.

அவன் போன் அடித்தது. தோட்டத்து மேஸ்திரி. "ஈஸ்வரா, பணிக்காரு எவிடே?" என்று கூலியாட்களைக் கேட்டு மலையாளத்தில் அந்தக் குரல் கத்தியது சாலை முழுக்கக் கேட்டது. போனை அணைத்தான்.

"இப்ப என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

"எடம் வேணாம்," என்றாள் சந்தனம்மாள். "இவளுகள்ல ஒருத்தியும் என்னையக் காட்டிக் குடுக்கலன்னு ஒன் வாயால சொல்லு. நீதான கூட இருந்து பாத்த."

"நான் என்னத்தப் பாத்தேன்? நான் ஒண்ணும்..."

"ஏண்ணே," சங்கிலியம்மாள் குறுக்கே வந்தாள், "ராத்திரி வீட்டுல போயி ஒன் பொண்டாட்டி பிள்ளைக போன்லருந்து அந்தப் பச்ச எலை போட்ட படத்தையெல்லாம் அழிச்சியாமே? பவானி பிளாக்க எல்லார் போன்லயும் மூடச் சொல்லிக் கத்துனியாமே? ஒன் பொண்டாட்டிதான் சொன்னாக. நம்பாதவன் எதுக்குண்ணே பயப்படுற?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான்கு நாட்களாகப் பேசாமலிருந்த பெண்கள். அந்தச் சிரிப்பு ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குத் தாவியது.

ஈஸ்வரபாண்டி ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெட்டு மலையைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். கடைசியில் சந்தனம்மாளைப் பார்த்தான்.

"ஒங்கள்ல யாரும் சொல்லல," என்றான். "அந்த ஆளு தானாத்தான் வந்தாரு. அவரு வாயாலதான் சொன்னாரு. நடந்துச்சு ஆத்தா. அம்புட்டும் நடந்துச்சு."